ஞாயிற்றுக்கிழமை காபியை நூறால் பெருக்காதீங்க!



வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பும் இளம் தம்பதிகளுக்கு என்னோட முதல் அறிவுரை வரியைப் பத்தி இல்லை, முதலீட்டைப் பத்தியும் இல்லை. "அங்கே போனதும் வார இறுதிச் செலவை ரூபாயில் பெருக்கிப் பார்க்கறதை நிறுத்துங்க." இதுதான். ஒரு சிஏ இப்படிச் சொல்லலாமான்னு கேட்கறீங்களா? கணக்கோடதான் சொல்றேன்.

உதாரணத்துக்கு, சென்னையிலிருந்து செப்டம்பரில் முனிச் போய் இறங்கும் ஒரு தம்பதியை எடுத்துக்குவோம். ஒருத்தருக்கு ஐடி வேலை, கையில் ப்ளூ கார்டு. இன்னொருத்தர் இங்கே பார்த்த வேலையை விட்டுட்டுக் கூடப் போயிருக்கார். ஜெர்மனியில் வீட்டு அட்வான்ஸா மூணு மாத அடிப்படை வாடகை வரைக்கும் கேட்கலாம். அதனால் போன வேகத்திலேயே சேமிப்பு கரைஞ்சிடும்.

அடுத்து அக்டோபர் வருது. சனிக்கிழமை மளிகை வாங்கறது, காலி பாட்டிலைக் கடை மெஷினில் போட்டு 25 சென்ட் திரும்ப வாங்கறது, துணி துவைக்கறது, ஊருக்கு வீடியோ கால். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் திறக்காது. வெளியே மரமெல்லாம் மஞ்சளும் சிவப்புமா நிக்குது. போய் ஒரு காபி குடிச்சுட்டு வரலாம்னு தோணும். ரெண்டு காபி, ஒரு துண்டு கேக், 12 யூரோன்னு வெச்சுக்குங்க. யூரோவை நூறு ரூபாயாப் பெருக்கினா 1,200 ரூபாய்! "காபிக்கு 1,200 ரூபாயா? வீட்டிலேயே போட்டுக்கலாம்." கதவு மூடிக்கும், போர்வையும் ஓடிடியும்தான் துணை. அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவாங்க. அதுக்கப்புறம் சாயங்காலம் 5 மணிக்கே இருட்டு. வெளிச்சம் இருந்த வார இறுதிகள் அப்படியே போயிடும்.

இது சிக்கனம் மாதிரித் தெரியும். ஆனா கணக்கே தப்பு.

கணக்கியலில் 'ஃபங்ஷனல் கரன்சி'ன்னு ஒரு விஷயம் உண்டு. இந்தியக் கணக்கியல் தரநிலைகளில் 'இண்ட் ஏஎஸ் 21' இதைத்தான் பேசுது. ஒரு நிறுவனம் முக்கியமா எந்தப் பொருளாதாரச் சூழலில் சம்பாதிச்சுச் செலவு பண்ணுதோ, அந்த நாணயத்தில்தான் அதன் வரவு செலவை அளக்கணும். ஜெர்மனியில் சுயமா இயங்கும் ஒரு துணை நிறுவனத்தோட கணக்கு யூரோவில்தான் ஓடும். தாய் நிறுவனத்தோட கணக்கில் சேர்க்கும்போதுதான் அது ரூபாய்க்கு மாறும்.

உங்க குடும்பமும் அப்படித்தான். சம்பளம் யூரோ, வாடகை யூரோ, காபியும் யூரோ. ஊருக்கு அனுப்பற பணத்தை மட்டும் ரூபாயில் பாருங்க. மத்ததை அந்த ஊர்ச் சம்பளத்தோட ஒப்பிடுங்க. 2026-ல் ஜெர்மனியின் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 13.90 யூரோ. 4 யூரோ காபின்னா அந்த ஊதியத்திலேயே 20 நிமிஷத்துக்கும் குறைவான உழைப்பு. உங்க சம்பளத்தில் இன்னும் குறைவு.

"அப்போ இஷ்டத்துக்குச் செலவு பண்ணலாமா?" கூடாது. முதல்ல சேமிப்பு, அப்புறம்தான் செலவு. கையில் வர்ற சம்பளம் மாசம் 3,800 யூரோன்னு வெச்சுப் பார்ப்போம்:

- வாடகை: 1,600
- மளிகை, போன், மத்த வீட்டுச் செலவு: 650
- ஊருக்கும் சேமிப்புக்கும்: 1,000 (சம்பளத் தேதியிலேயே தானாப் போயிடணும்)
- ரெண்டு பேருக்கு ஜெர்மனி டிக்கெட்: 126
- துணைவரின் ஜெர்மன் வகுப்புக்கு: 150
- வார இறுதிக்கு, வாரம் 60 வீதம்: 240

மொத்தம் 3,766. கையில் 34 மிச்சம். அந்த 1,000 போனதுக்கப்புறம், 60 யூரோவுக்குக் குற்ற உணர்ச்சி எதுக்கு?

60 யூரோவில் என்ன முடியும்? நிறைய. அந்த டிக்கெட்டிலேயே எஸ்-பான் ரயில் ஏறி ஸ்டார்ன்பெர்க் ஏரிக்குப் போகலாம். இங்கிலீஷ் கார்டன் பூங்காவில் நடக்கக் காசு இல்லை. பினகோதெக் கலைக்கூடங்களுக்கும் போகலாம். மழை நாளுக்கு அது போதும்.

இப்போ முக்கியமான விஷயம். இந்தப் பெருக்கல் கணக்கில் அதிகம் அடிபடறது வேலையை விட்டுட்டு வந்தவர்தான். வார நாளெல்லாம் நாலு சுவருக்குள்ள தனியா இருக்கார். வார இறுதியும் அப்படியே போனா, பேச ஆள் இல்லை, மொழி வராது, நம்பிக்கையும் குறையும். சம்பாதிச்ச காலத்தில் யாரையும் கேட்காமச் செலவு பண்ணவர், இப்போ 4 யூரோவுக்குத் துணையோட முகத்தைப் பார்க்கணும். எந்தத் திருமணத்துக்கும் இது நல்லதில்லை.

பணக் கணக்கிலேயே வாங்க. ப்ளூ கார்டு வெச்சிருக்கறவரோட துணைவருக்கு அங்கே வேலை பார்க்க அனுமதி உண்டு. மாசம் 80 மணி நேரம், குறைந்தபட்ச ஊதியத்தில் பார்த்தாக்கூட பிடித்தத்துக்கு முன் 1,112 யூரோ. வெளியே போனா வேலை கிடைச்சிடும்னு நான் சொல்லலை. ஆனா பேக்கரியில் நாலு வார்த்தை பேசிப் பழகறதுதான் தொடக்கம். அடைஞ்சு கிடந்து அந்த வேலை ஆறு மாசம் தள்ளிப் போனா, போறது 6,672 யூரோ. அந்த ஆறு மாசமும் வார இறுதியில் செலவே பண்ணாம இருந்தாலும், மிச்சம் 1,440 தான்!

ஊர்ல வீட்டுக் கடன் இ.எம்.ஐ. ஓடுது, அப்பா அம்மா மருந்துச் செலவு இருக்குன்னா, அந்தச் சுமை நிஜம். 60-ஐ 20 ஆக்குங்க. ஆனா பூஜ்ஜியம் ஆக்காதீங்க. அந்தத் தொகையில் பாதி, சம்பாதிக்காதவர் பேரில் உள்ள கணக்குக்கே போகட்டும். யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டாத பணமா இருக்கட்டும்.

போற நாட்டில் நீங்க ரெண்டு பேரும்தான் குடும்பம், நண்பர்கள், அக்கம்பக்கம் எல்லாம். அந்த உறவை நல்லா வெச்சுக்க ஆகுற செலவை நான் வீண் செலவுன்னு எழுத மாட்டேன். பராமரிப்புச் செலவுன்னுதான் எழுதுவேன்.

இந்த மாசச் சம்பளம் வந்ததும் மேலே இருக்கற ஆறு வரியை உங்க எண்களோட எழுதிப் பாருங்க. ரெண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து எழுதுங்க. அடுத்த வீடியோவில் சந்திப்போம்!