தூரிகையின் புனிதமும் கமெராவின் பழியும்

ஓவியத்திலே நிர்வாணம் கலையாகும். ஆடையலங்காரப் புகைப்படத்திலே அது ஆபாசமாகும். கலை விவாதங்களிலே நெடுங்காலமாக வழங்கிவரும் வாய்பாடு இதுவாகும். நூதனசாலைச் சுவரின் முன்னே நிற்பவன் இரசிகன் எனப் போற்றப்படுகின்றான். சஞ்சிகையின் பக்கத்தைப் புரட்டுபவன் காமுகன் எனத் தூற்றப்படுகின்றான். இவ்வாய்பாடு பொய்யானது. பொய்யானது மாத்திரமன்றித் தீங்கானதுமாகும். ஏனெனில், எழுப்பப்படவேண்டிய வினாவையே அது எழவிடாது தடுத்துவிடுகின்றது.

தூரிகையின் புனிதம் எத்தகையது என்பதை வரலாறு காட்டும். இத்தாலிய ஓவியர் டிசியன் 1538ஆம் ஆண்டில் நிறைவுசெய்த ஓவியம் இன்று ‘உர்பினோவின் வீனஸ்’ என வழங்குகின்றது. ஆயின், அதனை வாங்கிய பிரபுவான கிதொபால்தோ தமது கடிதத்தில் அதனை வெறுமனே நிர்வாணப் பெண் என்றே குறிப்பிட்டார். தெய்வத்தின் பெயர் பின்னர் வந்து சேர்ந்த போர்வையேயாகும். ஸ்பானிய அரசியல் தலைவர் கொடோய், வெலாஸ்கெசின் வீனசையும் கோயாவின் நிர்வாண மாஹாவையும் தமது அந்தரங்க அறையிலே வைத்திருந்தார். பணமும் பதவியும் படைத்த ஆணொருவன் தனித்திருந்து பார்த்து மகிழ்வதற்காகச் சேர்த்தவையே இன்று மானுடத்தின் பொதுச்சொத்தாகப் போற்றப்படுகின்றன. அவற்றின் வண்ணத் திறனை எவரும் மறுக்கவேண்டியதில்லை. ஆயினும், திறன் என்பது தோற்றுவாயைக் கழுவிவிடும் தீர்த்தமன்று.

சஞ்சிகைப் படங்களிலே பெண்ணுடல் கணினியால் நீட்டப்படுகின்றது, மெலியவைக்கப்படுகின்றது எனக் கண்டிப்போர் பலர். கண்டனம் நியாயமானதே. ஆனால் பிரெஞ்சு ஓவியர் ஆங்க்ர் 1814ஆம் ஆண்டில் வரைந்த அந்தப்புரப் பெண்ணின் முதுகு, மனித உடலுக்கு இயலாத நீளமுடையது. முள்ளந்தண்டிலே எலும்புகள் மிகையாக உள்ளன என அக்காலத்து விமர்சகர்களே எள்ளினர். தூரிகை நீட்டினால் அழகியல், கணினி நீட்டினால் மோசடியா?

அவ்வாறாயின், மக்களை உண்மையிலே கலங்கச் செய்வது எது? 1863ஆம் ஆண்டிலே கபனல் என்பார் அலைமீது கிடக்கும் வீனசை வரைந்தார். பேரரசர் மூன்றாம் நெப்போலியன் அதனை விலைகொடுத்து வாங்கினார். அதே ஆண்டிலே மனே ‘ஒலிம்பியா’வை வரைந்தார். 1865ஆம் ஆண்டில் அது பரிசிலே காட்சிக்கு வைக்கப்பட்டபோது கொந்தளிப்பு எழுந்தது; ஈற்றில் அதனை எட்டாத உயரத்துக்கு மாற்றவேண்டியதாயிற்று. இரு படங்களிலும் உள்ளவை நிர்வாண உடல்களே. கபனலின் வீனஸ் பாதி மூடிய கண்களோடு கிடக்கின்றாள். ஒலிம்பியாவோ பார்ப்பவனைத் திரும்பிப் பார்க்கின்றாள். தசையன்று, அந்தப் பார்வையே பரிசின் கனவான்களைச் சுட்டது.

இவ்வளவுகொண்டு கமெரா குற்றமற்றது என முடிவுசெய்தலும் தவறாகும். ஓவியம் பிரபு ஒருவனுக்குச் செய்ததை ஆடையலங்காரப் புகைப்படம் சந்தைக்குச் செய்கின்றது. 1975ஆம் ஆண்டிலே சார்ள்ஸ் ஜூர்தன் பாதணிகளுக்காகக் கீ பூர்டன் எடுத்த விளம்பரப்படத்தில் பெண்ணே இல்லை. நடைபாதையிலே பிணம் கிடந்த இடத்தைக் குறிக்கும் வெண்கட்டிக் கோடும், சிதறிய பாதணிகளும் உண்டு. பெண் மறைந்தாள், பண்டம் எஞ்சியது. ஹெல்முட் நியூட்டன் பெண்ணுக்கு வலிமை கொடுத்தார் என வாதிடுவோர், அதே ஆண்டில் பரிசின் இரவுத் தெருவிலே ஆணுடை அணிந்து நிமிர்ந்து நிற்கும் பெண்ணின் படத்தைச் சான்று காட்டுவர். ஆயின், அத்தொடரின் மற்றொரு படத்திலே அவளருகே இன்னொரு பெண் ஆடையின்றி நிறுத்தப்பட்டிருக்கின்றாள். அங்கே அதிகாரம் உடைக்குரியது, பெண்ணுக்குரியதன்று. விலைச்சீட்டோடு வரும் வலிமை விடுதலையாகாது.

இதற்கு மருந்து தடையும் திரையும் என்பர் ஒழுக்கவாதிகள். 1914ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், பெண்கள் வாக்குரிமைப் போராளியான மேரி ரிச்சட்சன் இலண்டன் தேசிய ஓவியக் கூடத்திலே வெலாஸ்கெசின் வீனசைக் கத்தியால் கிழித்தார். தலைவி பாங்ஹேர்ஸ்ற் கைதுசெய்யப்பட்டமைக்கு எதிரான அக்கோபம் மதிக்கத்தக்கதே. ஆனால் ஓவியம் செப்பனிடப்பட்டு மீண்டும் தொங்கவிடப்பட்டது. கத்தி கித்தானைக் கிழித்தது. ஆண்டாண்டாகப் பழகிய பார்வையைக் கிழிக்கவில்லை.

காமம் மனித வாழ்வின் பகுதி. அதனைக் கலையிலிருந்து விலக்குதல் இயலாது, விலக்கவும் வேண்டியதில்லை. கேட்கவேண்டிய வினா, எவ்வளவு ஆடை உண்டு என்பதன்று. படத்திலுள்ளவள் ஒரு மனுஷியாக இருக்கின்றாளா, அவளைப் படைக்கும் உரிமை எவர் கையிலே உள்ளது என்பதே வினாவாகும். ஒலிம்பியாவுக்கு உருக்கொடுத்த விக்டோரின் மெரான் தாமும் ஓர் ஓவியர். 1876ஆம் ஆண்டிலே அவரது படைப்பு பரிஸ் கண்காட்சியில் ஏற்கப்பட்டது, மனேயின் படைப்புகள் நிராகரிக்கப்பட்டன. எனினும் உலகம் அவரை உடலாகவே நினைவில் வைத்திருக்கின்றது. பரிஸ் அரச நுண்கலைப் பள்ளியோ 1897ஆம் ஆண்டு வரை பெண்களுக்குக் கதவடைத்தே இருந்தது. பெண்ணுடல் கலைக்கு வேண்டும், பெண்ணின் கை வேண்டாம் என்பதன்றோ இதன் பொருள்?

ஒலிம்பியா காட்சிக்கு வந்த அதே 1865ஆம் ஆண்டிலே பிறந்தவர் சுசான் வலடோன். சலவைத் தொழிலாளியின் மகளான அவர், ரெனுவார் முதலியோருக்கு உருக்காட்டி நின்று வயிறு வளர்த்தார். பின்னர் தாமே தூரிகை ஏந்தினார். 1923ஆம் ஆண்டில் அவர் வரைந்த ‘நீல அறை’யிலே ஒரு பெண் பழைய வீனசுகளைப் போலவே சாய்ந்து கிடக்கின்றாள். ஆனால் அவள் கோடிட்ட காற்சட்டை அணிந்திருக்கின்றாள். வாயிலே சிகரெட், காலடியிலே புத்தகங்கள். எவன் பார்க்கின்றான் என்ற கவலை அவளுக்கில்லை. தூரிகையும் கமெராவும் அவள் முன்னே நாணி நின்று கற்கவேண்டியவை இன்னும் பல உள.