ஆஸ்பரகஸ் வளருங்க, மருந்துனு நினைச்சு வளர்க்காதீங்க

மாடித்தோட்டம் போடுறவங்ககிட்ட இருந்து அடிக்கடி வர்ற கேள்வி: "டாக்டர், ஆஸ்பரகஸ் உடம்புக்கு ரொம்ப நல்லதாமே, வீட்டுல வளர்க்கலாமா?"

தாராளமா வளர்க்கலாம். ஆனா பொறுமை வேணும். விதை போட்ட முதல் ரெண்டு வருஷம் தண்டை வெட்டவே கூடாது. அது உயரமா வளர்ந்து, பஞ்சு மாதிரி விரிஞ்சு, வேர்ல சத்து சேர்க்கணும். மூணாவது வருஷம்தான் கத்தியை எடுக்கணும். குளிர்ல உறங்கி, குளிர் போனதும் முளைக்கிற செடி இது. ஊட்டி, கொடைக்கானல்காரங்களுக்கு ஒத்துவரும். சென்னை, மதுரை மொட்டை மாடியில பென்சில் கனத்துக்குத் தண்டு வந்தாலே சந்தோஷப்பட்டுக்கலாம்.

சத்து? 100 கிராம்ல சுமார் 20 கலோரி, 2 கிராம் நார்ச்சத்து, ஃபோலேட், வைட்டமின் கே. நல்ல காய்தான், அதிசயக் காய் இல்லை. ஃபோலேட்டுக்காகன்னா பச்சைப்பயறும் தட்டைப்பயறும் வீட்டு டப்பாவிலேயே இருக்கு. சிறுகீரை விதைச்சா ஒரு மாசத்துக்குள்ள பொரியலாகிடும். கர்ப்பிணிகள் எதைச் சாப்பிட்டாலும் ஃபோலிக் ஆசிட் மாத்திரையை விடக் கூடாது. குழந்தையோட தண்டுவடம் மூடுறது கரு உண்டான முதல் 28 நாள்ல. பல பேருக்கு நாள் தள்ளிப்போனதே அப்போதான் தெரியும். மூணு வருஷச் செடி அதுக்கு உதவாது.

(சாப்பிட்ட பிறகு சிறுநீர் ஒரு மாதிரி நாறினா பயப்படாதீங்க. அது அந்தக் காயோட குணம். கிட்னிக்கு ஒண்ணும் ஆகலை.)

இப்போ நான் நிஜமாவே சொல்ல வந்ததுக்கு வர்றேன்.

ஆஸ்பரகஸுக்கு நம்ம ஊர்லயே ஒரு பங்காளி உண்டு. தண்ணீர்விட்டான் கிழங்கு. சதாவரின்னு விக்கிறாங்களே, அதேதான். முள்ளோட கொடியா படரும், மண்ணுக்குள்ள விரல் விரலா கொத்தா கிழங்கு இறங்கும். வெயிலைத் தாங்கும். வேலி ஓரமோ பெரிய பையோ போதும். நம்ம ஊர்ல ஆஸ்பரகஸ் வகை வளர்க்க ஆசைப்பட்டா என் ஓட்டு இதுக்குத்தான்.

ஆனா பிரசவமான ரெண்டாவது நாளே "பால் ஊறலை"னு இந்தப் பொடியைத் தேடி ஓடுறது இருக்கே, அதைத்தான் எனக்குத் தாங்க முடியலை. முதல் ரெண்டு மூணு நாள் சீம்பால் கொஞ்சமாத்தான் வரும். குழந்தையோட வயிறும் அவ்வளவுதான் கொள்ளும். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள்ள மார்பில் போட்டு, ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை குடிக்க விட்டா பால் பெருகும். குழந்தை உறிஞ்ச உறிஞ்சத்தான் உடம்பு பால் சுரக்கும். இதுல கிழங்கு எவ்வளவு கூடுதலா உதவுதுன்னு உறுதியா சொல்ற அளவுக்குப் பெரிய ஆய்வுகள் இல்லை.

வார்டுல என்ன நடக்குது? பொடி வேலை செய்யட்டும்னு காத்திருக்கிற நாலு நாளும் புட்டிப்பால் நுழையுது. குழந்தை மார்பில் உறிஞ்சறது குறையுது. பாலும் குறையுது. கடைசியில "உனக்குப் பால் இல்ல"ங்கிற பழி அந்தப் பொண்ணு தலையில. தையல் வலியோட உட்கார்ந்திருக்கிறவகிட்ட அதைச் சொல்றவங்களுக்குத்தான் முதல்ல வைத்தியம் தேவை.

பால் போதுதான்னு பார்க்க வழி இருக்கு. அஞ்சாவது நாளுக்கு அப்புறம் ஒரு நாளைக்கு 6 தடவையாவது குழந்தை சிறுநீர் போகணும். ரெண்டு வாரத்துக்குள்ள பிறந்த எடையைத் திரும்பத் தொடணும். குழந்தை எழுப்பியும் குடிக்காம துவண்டு கிடந்தாலோ, மஞ்சள் கூடிக்கிட்டே போனாலோ கிழங்கு இடிச்சுக்கிட்டு இருக்காதீங்க, அன்னைக்கே தூக்கிட்டு வாங்க.

சித்த மருத்துவத்து மேல நம்பிக்கை இருந்தா அதுல தப்பில்லை. பல அரசு மருத்துவமனைகள்லயே சித்தா பிரிவு இருக்கு. அங்க இருக்கிற டாக்டரைக் கேட்டு எடுங்க. டப்பா மேல ஒட்டின விளம்பரத்தைக் கேட்காதீங்க.

தோட்டக்காரங்களுக்கு இன்னொண்ணு. காட்டுல, வேலியில தோண்டிக் கிழங்கு எடுத்து வந்து நடுற பழக்கம் சிலருக்கு உண்டு. அதே வேலியில கண்வலிக்கிழங்கும் படரும். செங்காந்தள்னு நாம கொண்டாடுற பூவோட கிழங்குதான் அது. அதுல கால்ச்சிசின்னு ஒரு விஷம் இருக்கு. சாப்பிட்ட சில மணி நேரத்துல வாந்தி, பேதி வரும். அப்புறம் கொஞ்சம் தெளிஞ்ச மாதிரி இருக்கும். ஆனா அதுக்கப்புறம்தான் கிட்னி, கல்லீரல், இதயம், எலும்பு மஜ்ஜைன்னு ஒவ்வொண்ணா அடி வாங்கும். அதனால பெயர் தெரியாத கிழங்கைச் சாப்பிட்டு வாந்தி எடுத்தா 108-ஐக் கூப்பிடுங்க, மிச்சக் கிழங்கைக் கையோட கொண்டு வாங்க. வாந்தி நின்னுடுச்சேன்னு வீட்டுலயே இருந்துடாதீங்க.