ஓய்வு மட்டும் மருந்தல்ல

மாரடைப்புக்கு ஆளான தொழிலாளி ஆஸ்பத்திரியிலிருந்து உயிரோடு வீடு திரும்பினால், கண்டம் தப்பியது என்று குடும்பத்தார் பெருமூச்சு விடுகின்றனர். ஆனால், அவருடைய எதிர்காலம் அதற்குப் பிறகு வரும் இரண்டு மூன்று மாதங்களில்தான் முடிவாகிறது. அந்த நாட்களில் இரு தவறுகள் நடக்கின்றன. "இனி நீ அசையவே கூடாது" என்று வீட்டார் அன்பின் மிகுதியால் அவரைப் பாயிலேயே கிடத்திவிடுகின்றனர். அல்லது, எம்.சி. முடிந்த மறுநாளே பெரட்டுக் களத்துக்கு வந்து முழு வேலையையும் எடுத்துக்கொள்ள வேண்டுமென்று நிர்வாகம் எதிர்பார்க்கிறது. முன்னது அவரை முடமாக்கும். பின்னது உயிருக்கே உலை வைக்கும்.

இவ்விரண்டுக்கும் நடுவே மருத்துவம் காட்டும் வழி ஒன்றுண்டு. அதுதான் டாக்டரின் மேற்பார்வையில் நடைபெறும் பிசியோதெராபியும், படிப்படியாகக் கூட்டப்படும் தேகப்பயிற்சியும். அது வசதி படைத்தோருக்கான சொகுசன்று. மாத்திரையைப் போல அதுவும் சிகிச்சையே.

ஒரு காலத்தில் டாக்டர்களும் வேறு விதமாகவே எண்ணினார்கள். மாரடைப்பு கண்டவரை ஆறு வாரம் வரை படுக்கையிலேயே வைத்திருந்தார்கள். இரத்தம் உறைந்து கட்டியாவதும், தசைகள் மெலிவதும், மனம் சோர்வதும்தான் அதனால் கண்ட பலன்கள். அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து டாக்டர்களான சாமுவேல் லெவினும் பெர்னார்ட் லவுனும் நோயாளிகளைத் தொடக்கத்திலேயே நாற்காலியில் உட்கார வைத்து, அதனால் விளைந்த நன்மையை 1952-இல் வெளியிட்டனர். 1955-இல் ஜனாதிபதி ஐசனோவருக்கு மாரடைப்பு வந்தபோது, அவரைக் கவனித்த இருதய நிபுணர் பால் டட்லி வைட், அவர் படிப்படியாக நடமாட்டத்துக்குத் திரும்புவதை ஊக்குவித்தார். மறு ஆண்டே அந்த ஜனாதிபதி தேர்தலில் நின்று வென்றார். ஒரு நாட்டின் தலைவருக்கு நல்லதாக இருந்த வைத்தியம் பால்வெட்டுத் தொழிலாளிக்கு மட்டும் வேண்டாததாகிவிடுமா?

மாரடைப்பில் செத்துப்போன இருதயத் தசை மீண்டும் உயிர் பெறுவதில்லை. அவ்விடத்தில் தழும்பு உண்டாகிறது. அது உறுதிப்பட ஏறக்குறைய ஆறு வாரமாகும். ஆனால், பயிற்சி பெற்ற கைகால் தசைகள், இரத்தத்திலுள்ள பிராணவாயுவை முன்னிலும் நன்றாக எடுத்துக்கொள்ளப் பழகுகின்றன. ஆகவே, அதே வேலையைச் செய்ய இருதயம் முன்னைவிடக் குறைவாக உழைத்தால் போதுகிறது. இரத்த அழுத்தமும் சர்க்கரையும் கட்டுக்குள் வருகின்றன. 2016-இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, 14,000-க்கும் அதிகமான நோயாளிகளைப் பற்றிய 63 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. இருதய நோயால் இறந்தோர், பயிற்சி பெறாதவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்குச் சற்று அதிகம். பயிற்சி பெற்றவர்களில் எட்டுப் பேருக்கும் குறைவு.

இங்கே நிர்வாகத்தினர் ஒரு கேள்வி கேட்கக்கூடும்: "பால்வெட்டே தேகப்பயிற்சிதானே? தனிப் பயிற்சி எதற்கு?" உழைப்பு இருதயத்துக்கு நல்லதென்பதை நாம் மறுக்கவில்லை. லண்டன் பஸ்களில் உட்கார்ந்தே ஓட்டிய டிரைவர்களைவிட, மாடிப்படி ஏறி இறங்கிய கண்டக்டர்களுக்கு இருதய நோய் குறைவென்று டாக்டர் ஜெரி மோரிஸ் 1953-இலேயே காட்டியிருக்கிறார். ஆனால், நோயுற்ற இருதயத்துக்கு வேண்டியது அளந்து கொடுக்கும் உழைப்பு. பயிற்சி மெதுவாகத் தொடங்கும். உடம்பு சூடேறிய பின் வேகம் கூடும். மார்பு வலித்தால் உடனே நிற்கும். வெட்டுக்காட்டில் அப்படி நிற்க முடியுமா? நோயாளி வந்திருக்கிறார் என்று நிரையில் மரங்கள் குறைவதில்லை. பால் வாளியின் பாரமும் குறைவதில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு பாரம் தூக்கும்போது இரத்த அழுத்தம் சட்டென்று எகிறுகிறது. இன்று நம் தோழர்களில் பலர் பணிபுரியும் செம்பனைக் காட்டில் குலை தூக்குவோருக்கும் இதே கதிதான்.

சட்டம் என்ன சொல்கிறது? தீபகற்ப மலேசியாவில் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, சேவைக் காலத்துக்கேற்ப ஆண்டுக்கு 14, 18 அல்லது 22 நாள் நோய் விடுப்பு உண்டு. 2023 முதல், ஆஸ்பத்திரியில் தங்கவேண்டியவருக்கு 60 நாள் விடுப்பு தனியாகவே உண்டு. பெர்கேசோ 2007 முதல் வேலைக்குத் திரும்பும் திட்டத்தை நடத்தி வருகிறது. மலாக்காவில் அதற்கு ஒரு மறுவாழ்வு மையமும் இருக்கிறது. 2024 ஜூலை முதல் வெளிநாட்டுத் தொழிலாளரும் பெர்கேசோவின் இயலாமைத் திட்டத்தில் சேர்க்கப்பட்டுள்ளனர். இவையெல்லாம் வரவேற்கத்தக்கவை. ஆயினும், பயிற்சி என்பது வாரத்துக்கு இரண்டு மூன்று முறையாகப் பல வாரம் நடப்பது. ஆஸ்பத்திரியோ பட்டணத்தில், தொழிலாளியோ காட்டில். போன நாளுக்கு எம்.சி. கிடைக்காமல் நேரச் சீட்டு மட்டும் கிடைத்தால், அன்றைய கூலி போயிற்று. வயிற்றுக்கு அஞ்சித்தான் தொழிலாளி பயிற்சியை விட்டுவிடுகிறார். அலட்சியத்தால் அன்று. வேலை போனால் தோட்ட வீடும் போகும் என்பது அவருக்குத் தெரியும்.

ஆகவே, நாம் கேட்பது இதுதான். டாக்டர் எழுதிக் கொடுத்த பயிற்சி நாட்களைச் சம்பளத்தோடு கூடிய விடுப்பாகக் கருத வேண்டும். ஆஸ்பத்திரிக்குச் சென்றுவரத் தோட்டம் வண்டி கொடுக்க வேண்டும். வேலைக்குத் திரும்பும்போது, நாற்றுமேடை போன்ற இலகுவான வேலையில் தொடங்கி, டாக்டர் சொல்லுமளவுக்கே பளுவைக் கூட்ட வேண்டும். அதுவரை சம்பளத்தில் கை வைக்கக்கூடாது. கைதேர்ந்த தொழிலாளியைக் காப்பாற்றி வைப்பதால் தோட்டத்துக்கு நஷ்டமில்லை.

தோழர்களுக்கும் நாம் சொல்ல வேண்டியதுண்டு. டாக்டர் அனுமதித்த பின் தினமும் நடங்கள். பேசிக்கொண்டே நடக்க முடிய வேண்டும். பேச மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். சாப்பிட்ட உடனேயும் உச்சி வெயிலிலும் வேண்டாம். மார்பு வலியோ, மயக்கமோ, வழக்கத்துக்கு மாறான மூச்சுத் திணறலோ கண்டால் நின்றுவிடுங்கள். தணியாவிட்டால் 999-ஐ அழையுங்கள். சிகரெட்டை அடியோடு விடுங்கள். சுகமாகிவிட்டதென்று மாத்திரையை நிறுத்தாதீர்கள். பெண் தொழிலாளருக்கும் மாரடைப்பு வரும். வீட்டு வேலையே போதும் என்று அவர்களைப் பயிற்சிக்கு அனுப்பாமல் இருப்பது அநீதி.

கிளைச் செயலாளர்கள் தத்தம் தோட்டத்தில் மாரடைப்பிலிருந்து மீண்டவர் யாரென்று விசாரித்தறிந்து, பெர்கேசோ மனுவை எழுதிக் கொடுத்து, நிர்வாகத்திடம் அவருக்காகப் பேச வேண்டும். டாக்டர்கள் காப்பாற்றிக் கொடுத்த உயிரைத் தோட்டத்தில் மீண்டும் பறிகொடுக்க நாம் விடக்கூடாது.