மதில் எங்கே?

என் தலைக்கு மேல் ஒரு பெண் ஓடிக்கொண்டிருக்கிறாள். விடியற்காலை நாலே முக்கால் மணிக்கு, போத்தனூர் ஜங்ஷனில் ஏதாவது ஒரு கூட்ஸ் வண்டி நகர்கிற ஓசை அடங்கியதும், மொட்டை மாடியில் காலடிச் சத்தம் ஆரம்பித்துவிடும். கீழ்ப் போர்ஷனில் குடியிருப்பவர்களின் மகள். ஒன்பதாவது படிக்கிறாள். எங்கள் மொட்டை மாடி 30 அடி நீளம், 20 அடி அகலம். கைப்பிடிச் சுவரை ஒட்டி ஒரு சுற்று வந்தால் 100 அடி. 400 மீட்டருக்கு 13 சுற்று; சுற்றுக்கு நாலு மூலை. மூலைக்கு மூலை வேகத்தைக் குறைத்துத்தான் திரும்ப வேண்டும். பாங்கு சொல்வதற்குள் முடித்துக்கொண்டு கீழே இறங்கிவிடுவாள்.

இந்தப் பெண் குறுவட்ட விளையாட்டுப் போட்டியில் 400 மீட்டரில் முதலாவதாக வந்து, மாவட்டப் போட்டிக்குத் தேர்வாகியிருக்கிறாள். வேறு வீடாக இருந்தால் மிட்டாய் கொடுத்திருப்பார்கள். இந்த வீட்டில் ஒரு பஞ்சாயத்து நடந்தது.

அவளுடைய அத்தா உக்கடத்தில் பழைய இரும்புக் கடை வைத்திருக்கிறார். நல்ல மனிதர். மகள் ஜெயித்த செய்தி கேட்டு முதலில் சந்தோஷப்பட்டவர்தான். மறுநாள் ஜும்ஆ தொழுகை முடிந்து திரும்பி வந்தபோது முகம் மாறியிருந்தது. எங்கள் பகுதிப் பெரியவர் ஒருவர், ஹாஜியார் என்றே சொல்லிக்கொள்ளலாம், அவரைத் தனியே அழைத்து நாலு வார்த்தை பேசியிருக்கிறார். பொம்பளைப் பிள்ளை ஊர் பார்க்க ஓடுவது மார்க்கத்தில் ஆகுமா என்று கேட்டிருக்கிறார்.

"அக்கா, நீங்க புஸ்தகமெல்லாம் படிக்கறவங்க. நீங்களே சொல்லுங்க, ஆகுங்களா ஆகாதுங்களா?" என்று அவர் என்னிடம் வந்து நின்றார்.

நான் ஆலிமா அல்ல. கல்லூரிப் படிப்பையே பாதியில் விட்டவள். ஆனாலும் இருபது வருஷமாகக் கதை எழுதிப் பிழைக்கிறவளுக்கு ஒரு பழக்கம் உண்டு: யாராவது "அப்படித்தான் எழுதியிருக்கிறது" என்று சொன்னால், எங்கே எழுதியிருக்கிறது என்று போய்ப் பார்க்காமல் தூக்கம் வராது. போய்ப் பார்த்தேன். பார்த்ததைச் சொல்லத்தான் ஹாஜியார் வீட்டுக்கும் போனேன்.

அவர் என்னைச் சிறு வயதிலிருந்து அறிந்தவர். அதனால் வரவேற்பும் அதற்கேற்ப இருந்தது.

"ஏம்மா, நீ கதை எழுதறவ. உன்ற கதையில யாரை வேணும்னாலும் ஓட உடு. எங்க புள்ளைகளை எதுக்கு ஓட உடறே?"

"மாமு, முதல்ல ஓடினது என் கதையில வர்ற ஆளில்லை" என்றேன்.

ஹதீஸ் நூல்களில் உள்ள நிகழ்ச்சி அது. ஒரு பிரயாணத்தில் நபிகள் நாயகம் அவர்கள் தம் மனைவி ஆயிஷா நாயகியோடு ஓட்டப் பந்தயம் வைத்துக்கொள்கிறார்கள். ஒல்லியான இளம்பெண்ணாக இருந்த ஆயிஷா ஜெயித்துவிடுகிறார். சில காலம் கழித்து, அவர் சற்றே சதை போட்ட பிறகு, மறுபடி ஒரு பிரயாணத்தில் மறுபடி ஒரு பந்தயம். இந்த முறை நபிகள் ஜெயிக்கிறார்கள். அன்றைக்கு இது ஈடு என்று சொல்லிச் சிரிக்கிறார்கள். அபூதாவூதிலும் இருக்கிறது, முஸ்னத் அஹ்மதில் இன்னும் விரிவாக இருக்கிறது. சொன்னவர் ஆயிஷா நாயகியே. தாம் பருத்துப் போனதையும் தோற்றுப்போனதையும் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார் பாருங்கள், கதைக்காரி என்ற முறையில் எனக்கு அதில்தான் அதிக மரியாதை.

ஹாஜியார் அசரவில்லை. அவருக்கும் அது தெரிந்திருந்தது.

"அது ஆளில்லாத இடத்துல நடந்ததும்மா. கூட வந்தவங்களை முன்னால போகச் சொல்லிப்போட்டுத்தானே ஓடினாங்க?"

வாஸ்தவம். அப்படித்தான் இருக்கிறது. இந்த இடத்தில் என் தரப்பு நண்பர்கள் சிலர் அந்த விவரத்தை விழுங்கிவிட்டு மேலே போய்விடுவார்கள். நான் விழுங்கவில்லை, ஹாஜியார் சொன்னது சரி என்றே வைத்துக்கொள்கிறேன். பெண் ஓடலாம், அந்நிய ஆண்கள் பார்க்காத இடத்தில், ஒழுங்கான உடையில் ஓடலாம். இன்றைக்கும் உலமாக்களில் பெரும்பாலோர் சொல்வது ஏறக்குறைய இதுதான். விளையாட்டே கூடாது என்று சொல்கிறவர்கள் அவர்களில் குறைவு. நிபந்தனைகளைத்தான் சொல்கிறார்கள்.

சரி, என் கேள்விக்கு வருகிறேன். மறைவான இடம் வேண்டும் என்பது மார்க்கம் என்றால், அந்த மறைவான இடத்தை உண்டாக்கிக் கொடுப்பது யார் பொறுப்பு? மதில் வேண்டும் என்கிறீர்கள். நல்லது. மதில் எங்கே?

கரும்புக்கடையிலிருந்து ஆத்துப்பாலம், குறிச்சி, போத்தனூர் வரைக்கும் நம் ஜனங்கள் எத்தனை ஆயிரம் பேர் இருக்கிறோம்! கல்யாண மஹால்கள் கட்டியிருக்கிறோம். பிரியாணி தம் போடத் தனிக் கொட்டகை கட்டியிருக்கிறோம். பையன்கள் விளையாட இடமில்லை என்று யாரும் குறைப்பட்டதில்லை. அவர்களுக்குத் தெருவே மைதானம். பெண்கள் விளையாட நாலு பக்கமும் அடைத்த ஒரு கால் ஏக்கர் நிலம், ஒரு பெண் பயிற்சியாளர், பூட்டு சாவியோடு ஒரு கேட்? என் கண்ணுக்குப் படவில்லை. நிபந்தனையை மட்டும் நூறு தடவை சொல்வோம்; அதை நிறைவேற்ற நூறு ரூபாய் செலவழிக்க மாட்டோம். அப்புறம் அதற்கு மார்க்கம் தடுக்கிறது என்று பெயர் வைத்துவிடுவோம். தடுப்பது மார்க்கமல்ல, நம்முடைய கஞ்சத்தனம்.

இதைச் சொன்னதும் பேச்சு உடைக்குத் தாவியது. அந்தப் பெண் கணுக்கால் வரை கால்சட்டையும் முழுக்கைச் சட்டையும் தலையில் முக்காடும் போட்டுத்தான் ஓடினாள், அவளுடைய பி.டி. டீச்சர் அதற்கு ஒரு வார்த்தை ஆட்சேபம் சொல்லவில்லை. இதை எடுத்துச் சொன்னதும் பேச்சு பிரயாணத்துக்குத் தாவியது. அவளுடைய அம்மாவே கூடப் போகிறாள் என்றேன். கடைசியில் உண்மை வந்தது: "நாளைக்கு நிக்காஹ் பேச வர்றவன் என்ன சொல்லுவான்?"

அதைத்தானே முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்! சம்பந்தக் கவலைக்கு ஹதீஸை ஏன் சாட்சிக்கு இழுக்க வேண்டும்? சம்பந்தக் கவலை ஒன்றும் கேவலமானதில்லை. பெண்ணைப் பெற்ற வீட்டில் அது அடுப்பு மாதிரி எரிந்துகொண்டேதான் இருக்கும். ஆனால் அதை அந்தப் பெயரிலேயே பேசினால் பதில் சொல்லலாம். மார்க்கத்தின் பெயரில் பேசினால் ஒன்பதாம் வகுப்புப் பெண் யாரிடம் போய் வாதாடுவாள்?

விளையாடுவது இப்படி என்றால், பார்ப்பது இன்னொரு வேடிக்கை. எங்கள் பழைய வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் ரயில்வே மைதானம் தெரியும். சாயங்காலம் கால்பந்து நடக்கும். நான் பத்து வயதுக்கு மேல் அந்தப் பக்கம் நிற்கக் கூடாது என்பது சட்டம். சட்டம் போட்டவள் என் நன்னி. அந்த நன்னியேதான், ரயில்வே காலனியில் சட்டைக்காரப் பெண்கள் ஹாக்கி ஆடிய காலத்தைப் பற்றி, "முழங்கால் தெரிய ஓடுவாளுக, ஆனா என்னமா அடிப்பாளுக!" என்று கண் விரியச் சொல்வாள். வேலி ஓரம் நின்று பார்த்திருக்கிறாள், வேறென்ன! 1996-ஆம் வருஷம் மார்ச் 13-ஆம் தேதி, கல்கத்தாவில் இலங்கையோடு நடந்த உலகக் கோப்பை அரை இறுதியை அவள் எங்கள் வீட்டு டி.வி.யில் கடைசி வரை பார்த்தாள். கூட்டம் பாட்டில் வீசி, தீ வைத்து, ஆட்டம் நின்று போய், வினோத் காம்ப்ளி அழுதுகொண்டே வெளியே போனான். "அந்தப் புள்ளையை ஏன்டா அழ உடறீங்க" என்று நன்னியும் அழுதாள். அத்தனை அந்நிய ஆண்களை அவள் அத்தனை நேரம் பார்த்ததற்கு யாரும் ஃபத்வா கொடுக்கவில்லை. ஏனென்றால் டி.வி. வீட்டுக்குள் இருந்தது.

பார்ப்பதற்கும் ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. இதில் ஆளில்லாத இடம் என்று சொல்லவும் வழியில்லை. ஒரு பெருநாள் அன்று அபிசீனியர்கள் மதீனாப் பள்ளிவாசலிலேயே ஈட்டியும் கேடயமும் கொண்டு விளையாட்டுக் காட்டுகிறார்கள். நபிகள் தம் மேலாடையால் மறைத்து, ஆயிஷா நாயகியைத் தமக்குப் பின்னால் நிற்க வைத்துப் பார்க்க விடுகிறார்கள். அவர் தாமாகவே அலுத்துப் போகும் வரைக்கும் அசையாமல் நிற்கிறார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிற செய்தி. ஒரு அறிவிப்பின்படி, ஆட்டத்தை நிறுத்தப் பொடிக்கல் எடுத்து எறிந்த உமர் அவர்களை, விட்டுவிடும்படி நபிகள் சொல்லியிருக்கிறார்கள்.

பிற்கால அறிஞர்கள் இதை விட்டுவிடவில்லை. ஆயிஷா அப்போது சிறு பெண்ணாக இருந்திருக்கலாம், அல்லது பர்தா வசனம் வருவதற்கு முன் நடந்திருக்கலாம் என்பது இமாம் நவவியின் விளக்கம். இல்லை, அபிசீனியர் வந்தது ஹிஜ்ரி ஏழாம் ஆண்டு. அப்போது ஆயிஷாவுக்குப் பதினைந்து வயதுக்கு மேல், பர்தா வசனமும் இறங்கிவிட்டது என்று இப்னு ஹஜர் மறுத்தார். நூற்றாண்டுகளைத் தாண்டி இரண்டு பேரறிஞர்கள் அபிப்பிராய பேதம் கொள்ளலாம். கொண்டும் இருவரும் நமக்கு இமாம்கள்தான். போத்தனூரில் மட்டும் ஒரே அபிப்பிராயம்தான் இருக்க வேண்டுமாம்!

இந்த அபிப்பிராயம் அரசாங்கமாக உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டோம். ஈரானில் 1979 புரட்சிக்குப் பிறகு பெண்களைக் கால்பந்து மைதானத்துக்குள் விடுவதை நிறுத்தினார்கள். அதற்கு அதிகாரிகள் சொல்லிவந்த காரணங்களில் ஒன்று, அங்கே ஆண்கள் கெட்ட வார்த்தை பேசுகிறார்கள் என்பது. பேசுகிறவன் டிக்கெட்டோடு உள்ளே இருக்கிறான், பேசாதவள் வெளியே! ஸஹர் குதாயாரி என்ற 29 வயதுப் பெண், 2019-இல் ஆண் வேஷம் போட்டுக்கொண்டு தன் அபிமானக் குழுவின் ஆட்டத்தைப் பார்க்கப் போய்ப் பிடிபட்டாள். சிறைக்குப் போக வேண்டியிருக்கும் என்று தெரிந்ததும் நீதிமன்றத்துக்கு வெளியே தீ வைத்துக்கொண்டு, அந்தச் செப்டம்பரில் செத்துப் போனாள். அடுத்த மாதம் 10-ஆம் தேதி, கம்போடியாவோடு நடந்த ஆட்டத்துக்கு மூவாயிரத்துச் சொச்சம் பெண்களை உள்ளே விட்டார்கள். ஈரான் 14 கோல் போட்டது. மக்காவும் மதீனாவும் இருக்கிற சவூதி நாட்டிலோ, 2017-இல் அரசுப் பெண்கள் பள்ளிகளில் உடற்பயிற்சி வகுப்புக்கு அனுமதி வந்தது. 2018 ஜனவரியில் மைதானத்தின் கதவும் பெண்களுக்குத் திறந்தது. நேற்று வரை ஆகாதது இன்றைக்கு எப்படி ஆயிற்று என்று ஹாஜியாரைக் கேட்டேன். "அது அவங்க ராஜா இஷ்டம்மா" என்றார். அவர் வாயாலேயே வந்துவிட்டது, ராஜா இஷ்டம் என்று!

இதையெல்லாம் படித்துவிட்டு, "பார்த்தீர்களா, உங்கள் ஆட்களே இப்படித்தான்" என்று தலையாட்டப் போகிற மற்ற வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. அடுத்த தெருவில் என் சிநேகிதி ஒருத்தி, கவுண்டர் வீட்டம்மாள், இந்தப் பெண்ணுக்காக ரொம்பவும் உருகினாள். "உங்க மதத்துல மட்டும் ஏனுங் இப்படி?" என்றாள். அவளுடைய சொந்த மகள் கோகோவில் பிரமாதமாக ஆடியவள். பெரியவளாகிச் சீர் செய்த வாரத்தோடு ஆட்டம் நின்றுவிட்டது. ஹதீஸ் கிடையாது, ஹாஜியார் கிடையாது. மாமியார் ஒருவர்தான் இருந்தார். நான் இதை நினைவூட்டியதும் காப்பி கலக்கப் போய்விட்டாள்.

முக்காட்டைக் கழற்றிவிட்டு வந்தால்தான் விளையாடலாம் என்று சொல்கிறவர்களும் என் கட்சி அல்ல. 2011 ஜூனில், அம்மானில், ஈரான் பெண்கள் கால்பந்து அணி ஜோர்டானோடு ஒலிம்பிக் தகுதி ஆட்டம் ஆட வந்து நின்றது. தலைத்துணி விதிக்கு மாறாக இருக்கிறது என்று ஆடவே விடவில்லை. அந்தப் பெண்கள் மைதானத்திலேயே அழுதார்கள். சர்வதேசக் கால்பந்து விதி 2014-இல்தான் இளகியது, கூடைப்பந்து விதி 2017-இல். 2023 உலகக் கோப்பையில் மொராக்கோவின் நுஹைலா பென்ஸீனா முக்காடோடு ஆடினாள். கால்பந்து உருண்டையாகத்தான் இருந்தது. அப்படியும் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பிரான்ஸ் தன் வீராங்கனைகளுக்கு முக்காட்டைத் தடை செய்தது. ஸுன்காம்பா ஸில்லா என்ற ஓட்டக்காரி தொப்பி வைத்துக்கொண்டு துவக்க விழாவுக்குப் போக வேண்டியிருந்தது. துணியில்லை என்று ஒருவர் திருப்பி அனுப்புகிறார், துணி இருக்கிறது என்று இன்னொருவர் திருப்பி அனுப்புகிறார். இரண்டு பேரும் ஒரே பெண்ணைத்தான் அனுப்புகிறார்கள்.

ஹாஜியார் வீட்டு வரவேற்பறையில் ஒரு பத்திரிகைப் படம் ஒட்டியிருந்ததைச் சொல்ல மறந்துவிட்டேன். சென்னைப் புது வண்ணாரப்பேட்டை ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா, 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கப் பதக்கம் வாங்கி வந்த படம். "நம்ம புள்ளை" என்று பெருமையாகக் காட்டினார்.

"அவளும் ஊர் பார்க்கத்தானே மாமு ஆடினா? கடல் தாண்டி வேறே போயிருக்கா."

"அது உக்காந்து ஆடறதும்மா."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது. அந்தச் சிரிப்பு ஆறுவதற்குள் நான் வந்த காரியத்தைக் கேட்டுவிட்டேன். எங்கள் பகுதி மஹாலின் பின்பக்கம் ஒரு காலி இடம் இருக்கிறது. மூன்று பக்கம் மஹாலின் மதில், ஒரு பக்கம் கட்டடம். கல்யாண நாட்களில் பந்தி வண்டிகள் நிற்கும். மற்ற நாட்களில் ஆடு கூட மேய்வதில்லை. ஹாஜியார் கேட்கிற மறைவு அங்கே தயாராக நிற்கிறது. விடியற்காலையில் ஒரு மணி நேரம், இந்தப் பெண்ணுக்கும் கூட வர விரும்புகிற பெண்களுக்கும் அதைத் திறந்துவிட வேண்டும். வாசலில் நான் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறேன் என்றேன்.

அவர் வெகு நேரம் தாடியைத் தடவிக்கொண்டிருந்தார். மறுப்புச் சொல்ல மார்க்கத்தில் ஒன்றும் கிடைக்கவில்லை போலும். கமிட்டியில் வைக்கிறேன் என்றார்.

மூன்று வெள்ளிக்கிழமை போய்விட்டது. கமிட்டி கூடியது, மஹாலுக்குப் புது மின்விசிறி வாங்கத் தீர்மானம் போட்டார்கள் என்று கேள்வி. பின் கேட்டின் சாவி ஹாஜியாரின் ஜிப்பாப் பையில்தான் இருக்கிறது; நேற்றுக் கடைவீதியில் என்னைப் பார்த்துவிட்டுப் பாதையை மாற்றிக்கொண்டபோது கூட அது குலுங்கியது காதில் விழுந்தது. மாவட்டப் போட்டிக்கு இன்னும் 17 நாள் இருக்கிறது. அவளுடைய அத்தா போகலாம் என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. இன்று காலை எண்ணினேன்: 13 சுற்று முடித்து, மூச்சு வாங்கிவிட்டு, இன்னொரு 13 ஓடினாள்.