தொட்டிலிலும் கொள்ளையா?

குழந்தை பிறப்பதற்கு முன்பே கடைக்காரனின் ஜாபிதா பிறந்து விடுகிறது. தள்ளுவண்டி, வாக்கர், கம்பித் தொட்டில், அதற்குள் சுற்றிக் கட்ட மெத்தை, அரை டஜன் புட்டி, புட்டியைச் சூடாக்க மின்சாரக் கருவி, கட்டித் தூக்கியெறியும் டயாப்பர், பவுடர், லோஷன்! இவற்றை வாங்காதவள் தாயே அல்ல என்று செல்போனிலும் டெலிவிஷனிலும் இரவு பகலாகப் பிரசாரம் நடக்கிறது. ரொக்கம் இல்லையா? கவலை வேண்டாம், தவணை இருக்கிறது! வாரக் கடன்காரன் வாசலிலேயே நிற்கிறான்.

ஆலையில் நூல் ஓட்டும் பெண்ணும், சேற்றில் நாற்று நடும் பெண்ணும் இந்த வலையில் விழ வேண்டுமா? கூடவே கூடாது என்கிறோம். ஏன் என்பதையும் சொல்கிறோம்.

ஜாபிதாவைப் பிரித்துப் பார்ப்போம்

முதலில் வாக்கர். வட்டச் சட்டத்தின் நடுவே குழந்தையைத் தொங்கவிட்டு, கீழே சக்கரம் மாட்டிய பொருள் இது. இதில் உட்கார்ந்த குழந்தை சீக்கிரம் நடக்கும் என்பது பச்சைப் பொய். படியில் உருண்டு மண்டை உடைந்த குழந்தைகள் ஏராளம். கனடா நாடு 2004-ல் இதன் விற்பனையையே தடை செய்தது. நம் ஊர்த் தச்சர் செய்யும் மர நடைவண்டி வேறு. அதைக் குழந்தை தன் காலில் நின்று தள்ளுகிறது.

அடுத்து, தொட்டிலைச் சுற்றிக் கட்டும் மெத்தை. முகம் அதில் புதைந்து மூச்சு முட்டும் என்பதால் அமெரிக்காவில் 2022-ல் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். பச்சைக் குழந்தைக்குத் தலையணைகூட வேண்டாம். தட்டையான, கெட்டியான படுக்கையில் மல்லாக்கப் படுக்கவைப்பதே நல்லது.

பவுடரும் தேவையில்லை. பறக்கும் தூள் குழந்தையின் மூச்சுக்குள் போகும். டாக்டர்களே வேண்டாம் என்கிறார்கள்.

புட்டிப்பாலின் கதை

எல்லாவற்றிலும் கொடியது புட்டியும் பால்மாவும். வெளிநாட்டுக் கம்பெனிகள் ஏழை நாடுகளின் ஆஸ்பத்திரிகளுக்கு நர்சு உடையில் விற்பனைக்காரிகளை அனுப்பின. முதல் டப்பா இனாம்! அது தீருவதற்குள் தாய்க்குப் பால் வற்றிவிடும். பிறகு விலை கொடுத்துத்தான் ஆக வேண்டும். கூலிக்காரத் தாய் என்ன செய்வாள்? ஒரு வார மாவை நான்கு வாரத்துக்கு நீட்டுவாள். தண்ணீர் அசுத்தம், புட்டியைக் கொதிக்கவைக்க விறகில்லை. பேதி கண்டு குழந்தைகள் மடிந்தன.

1974-ல் பிரிட்டனில் வெளியான ஒரு பிரசுரம் இதை அம்பலப்படுத்தியது. 1977-ல் அமெரிக்க மக்களே நெஸ்லே கம்பெனியின் சரக்குகளைப் பகிஷ்கரித்தார்கள். 1981 மே மாதம் ஜினீவாவில், பால்மா விற்பனைக்குக் கடிவாளம் போடும் விதிகள் உலக சுகாதார சபையில் ஓட்டுக்கு வந்தன. ஆதரவு 118 நாடுகள். எதிர்ப்பு ஒரே ஒரு நாடு. எந்த நாடு? அமெரிக்கா! குழந்தையின் உயிரா, கம்பெனியின் லாபமா என்ற கேள்விக்கு அந்த சர்க்கார் தந்த பதில் அது.

நம் நாட்டில் 1992-ல் சட்டம் வந்தது. 2003-ல் அது இறுக்கப்பட்டது. இரண்டு வயது வரையான குழந்தைகளுக்குப் பால்மா, புட்டி ஆகியவற்றை விளம்பரம் செய்வதே குற்றம். இதை ஒவ்வொரு தாயும் தெரிந்துகொள்ள வேண்டும்.

அப்படியானால் என்னதான் வேண்டும்?

துவைத்து வெயிலில் காயவைத்த பழைய பருத்தி வேட்டி. நாலைந்து சின்னச் சட்டை. ஒரு கொசுவலை. ஒரு பாய், அதன்மேல் மடித்த போர்வை. பீய்ச்சிய பாலைப் புகட்ட வேண்டி வந்தால் ஒரு பாலாடை. புட்டியைப் போல இடுக்கில்லை, ஒரே கழுவலில் சுத்தமாகும். தடுப்பூசி அட்டை. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும். தூளி கட்டினால் பக்கத்தில் ஆள் இருக்கட்டும். வளர்ந்த பிள்ளை அதில் தனியே ஆட வேண்டாம், சேலை கழுத்தைச் சுற்றும்.

இவ்வளவுதான். கடன் வாங்க இதில் ஒன்றுமே இல்லை.

"எளிமை" பேசும் கனவான்களுக்கு

இப்போது இன்னொரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. "குறைவாக வாங்கு, நிறைவாக வாழ்" என்று உபதேசம் செய்கிறது. பத்து அறை வீட்டுக்காரருக்கு எளிமை ஒரு நாகரிகம். குடிசையில் இருப்பவருக்கு அது எளிமையல்ல, இல்லாமை! இருப்பதோடு திருப்திப்படு என்று நாம் ஒருநாளும் சொல்லமாட்டோம். கடையில் கிடைக்காத ஒன்று குழந்தைக்கு வேண்டும் என்கிறோம். அது தாயின் நேரம்.

தாய்ப்பால் கொடு என்று ஆஸ்பத்திரிச் சுவரில் எழுதியிருக்கிறது. ஷிப்டில் நிற்பவள் எப்படிக் கொடுப்பாள்? 1961-ன் மகப்பேறு நலச் சட்டம் 2017-ல் திருத்தப்பட்டு, முதல் இரண்டு பிரசவத்துக்குச் சம்பளத்தோடு 26 வார விடுப்பும், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகமும் வகுக்கப்பட்டன. 2020-ன் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பும் இதே 26 வாரத்தைத்தான் சொல்கிறது. ஆனால் 80 நாள் வேலை செய்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. இன்று ஒரு வயல், நாளை ஒரு வயல் என்று நடவுக்குப் போகிறவளுக்கு எந்த முதலாளி விடுப்புத் தருவான்?

பின்லாந்தில் 1938 முதல் ஏழைத் தாய்மாருக்கும், 1949 முதல் எல்லாத் தாய்மாருக்கும் சர்க்காரே துணிமணி நிறைந்த ஒரு பெட்டி தந்தது. மெத்தை போட்ட அந்த அட்டைப் பெட்டியே தொட்டிலாயிற்று. நம் தமிழ்நாட்டிலும் 2015-ல் அரசு ஆஸ்பத்திரிகளில் 16 பொருள் கொண்ட பெட்டகம் தரத் தொடங்கினார்கள். குழந்தை சமுதாயத்தின் பொறுப்பு என்று ஒப்புக்கொண்டால் எதுவும் நடக்கும்.

ஆகவே, தாய்மார்களே, தோழர்களே! கடைக்காரனின் ஜாபிதாவைக் கிழித்தெறியுங்கள். நம் ஜாபிதாவைக் கையிலெடுங்கள்: ஆலைதோறும் காப்பகம், பால் கொடுக்க இடைவேளை, வயலில் உழைப்பவளுக்கும் கூலியோடு பிரசவ விடுப்பு, தெருவுக்குத் தெரு சுத்தமான குடிதண்ணீர். இவற்றைத் தவணையில் வாங்க முடியாது. சங்கமாகத் திரண்டுதான் வாங்க வேண்டும்.