வண்ணத்தின் உள்ளே இருப்பது

குன்னத்தில் என் தமக்கையார் இல்லத்தின் வெளிமாடிப்படிக்கு இரும்பாலான கைப்பிடிக் கிராதி ஒன்று உண்டு. ஆண்டுதோறும் டிசம்பர் இரண்டாம் வாரத்தில் அது புதுப் பச்சை எனாமல் பூசிக்கொள்ளும். கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு வருவோர் அதன் பளபளப்பைப் பாராட்டாமல் போவதில்லை. சென்ற ஆண்டு பங்குனியில் பேரன் அதன்மேல் சாய்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, கம்பம் ஒன்று தரையை ஒட்டி முறிந்து வெளியே சாய்ந்தது. அருகே நின்றவர் பிள்ளையின் சட்டையைப் பற்றி இழுத்துவிட்டார். முறிந்த இடத்தைக் குனிந்து பார்த்தோம். மேலே ஏழெட்டு அடுக்கு வண்ணம். உள்ளே செம்பழுப்புத் தூள்.

வண்ணம் துருவை வரவொட்டாமல் தடுக்குமேயன்றி, வந்துவிட்ட துருவை ஆற்றாது. இரும்பு பிராணவாயுவோடும் ஈரத்தோடும் கூடித் துருவாகும்போது, முன்பிருந்ததைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்கிறது. ஆதலால் மேற்பூச்சைத் தூக்கி வெடிக்கச் செய்கிறது. வெடிப்பின் வழியே மீண்டும் நீர் இறங்குகிறது. தில்லி மெஹ்ரௌலியின் இரும்புத் தூண் ஏறத்தாழ 1600 ஆண்டுகளாக வெயிலிலும் மழையிலும் நிற்கிறதே என்பீர்கள். அந்த இரும்பில் பாஸ்பரஸ் மிகுதி. அதனால் காக்கும் மெல்லிய படலம் ஒன்று தானே உண்டாயிற்று. நாம் கடையில் வாங்கும் கம்பிக்கு அந்தப் பேறு இல்லை.

1914-இல் திறக்கப்பட்ட பாம்பன் ரயில் பாலத்தை உப்புக்காற்று அரித்து அரித்து, 2022 டிசம்பரில் ரயில்களை நிறுத்த வேண்டியதாயிற்று. குன்னத்தில் கடலும் இல்லை, உப்புக்காற்றும் இல்லை. அங்கே பகையாய் வருவது நாள்தோறும் படி கழுவும் நீரே. கம்பம் சிமெண்டுக்குள் புகும் கழுத்தில் அது தேங்கி நிற்கிறது. எனவே வண்ண டப்பாவைத் திறக்குமுன் சிறு சுத்தியலால் ஒவ்வொரு கம்பத்தின் அடியையும் தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலித்தால் நன்று. மந்தமாக ஒலித்தாலும், திருப்புளியின் முனை உள்ளே இறங்கினாலும், அழைக்க வேண்டியது வண்ணம் பூசுபவரையன்று, வெல்டிங் பட்டறைக்காரரை.

கிராதி உறுதியாயிருந்தால் அடுத்த வேலை சுரண்டுதல். இங்கே தாய்மார் சற்று நின்று கேட்க வேண்டும். வீட்டு வண்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருத்தலாகாது என்னும் இந்திய அரசின் விதி 2016-இல் வெளியாகி, 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய பூச்சுகளில், சிறப்பாக மஞ்சள், சிவப்பு, பச்சை நிறங்களில், ஈயம் மிகுந்திருக்கக்கூடும். அதன் தூள் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். கருவுற்ற பெண்களுக்கும் ஆகாது. ஆகையால் பழைய பூச்சை உலர்ந்த உப்புத்தாளால் தேய்க்காதீர்கள். நெருப்பு வைத்து எரிக்கவும் வேண்டாம். நீர் தெளித்துச் சுரண்டி, நீரில் நனைத்த எமரித் தாளால் தேயுங்கள். கீழே பழைய பிளாஸ்டிக் விரிப்பைப் பரப்பி, விழுந்ததையெல்லாம் அதிலேயே சுருட்டிக் கட்டுங்கள். கோழி மேயும் முற்றத்தில் பெருக்கித் தள்ளுவோரை நான் பார்த்திருக்கிறேன். வேலை முடியும்வரை பிள்ளைகள் அண்டை வீட்டில் இருக்கட்டும். உடுத்த துணியைத் தனியே துவையுங்கள்.

பழைய பூச்சு கெட்டியாய்ப் பற்றியிருக்கும் இடங்களில் பளபளப்பு மங்குமளவு தேய்த்தாலே போதும். துருப்பிடித்த இடத்திலோ கம்பித் தூரிகை கொண்டு இரும்பின் வெண்மை தெரியும்வரை தேய்க்க வேண்டும். பின்பு துடைத்து, வெயிலில் நன்கு உலர்த்தி, கைபட்ட பிசுக்கை டர்பன்டைன் தோய்த்த துணியால் நீக்கி, அன்றைக்கே ரெட் ஆக்சைடு பிரைமரைப் பூசிவிடுங்கள். வெற்றிரும்பை ஓரிரவு பனியில் விட்டால் காலையில் மறுபடியும் துரு. ஜி.ஐ. குழாயாயின் அதற்கென்றே விற்கும் பிரைமரைக் கேட்டு வாங்க வேண்டும். எனாமலை நேரே பூசினால் பட்டை பட்டையாய் உரியும்.

கூர் விளிம்புகளிலும் வெல்டிங் வைத்த முடிச்சுகளிலும் வண்ணம் மெலிந்து நிற்கும். அவ்விடங்களைச் சிறு தூரிகையால் முதலில் ஒருமுறை தொட்டுவிட்டு, அதன்பின் முழுவதும் பூசுங்கள். கம்பிகளின் அடிப்பக்கத்தையும் மறவாதீர்கள். தடித்த ஒரே பூச்சைவிட மெல்லிய இரு பூச்சுகள் மேல். தடித்தது மேலே ஆடை படிந்து உள்ளே ஈரமாய்க் கிடந்து சுருங்கும். கை வைக்க முடியாதபடி காய்ந்த உச்சிவேளை இரும்பிலும் பூசலாகாது.

காலத்தைப் பற்றி ஒன்று. விழாவை முன்னிட்டு நாம் தேர்ந்தெடுக்கும் டிசம்பர், வடகிழக்குப் பருவமழையின் ஈரமும் மார்கழிப் பனியும் கூடிய மாதம். இவ்வேலைக்கு அதைவிடப் பொருந்தாத மாதத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்! மாசி, பங்குனியில் பனி விலகிய காலை நேரமே தக்கது. பூசியபின் ஒரு வாரம் ஈரத்துணி எதையும் கிராதியில் உலர்த்த வேண்டாம்.

தமக்கையார் வீட்டில் மூன்று கம்பங்களை அறுத்தெடுத்துப் புதியன பற்றவைத்தார்கள். ஒவ்வொன்றின் அடியிலும் நீர் வழிந்தோடச் சரிவாகச் சிமெண்டுக் கரை கட்டினார் கொத்தனார். கடந்த விழாவுக்கு அவர் கிராதியை ஈரத்துணியால் துடைத்ததோடு நிறுத்திக்கொண்டார். வந்தவர்கள் யாரும் குறை சொன்னதாகத் தெரியவில்லை.