பள்ளி வாசலை அடைச்சு நிக்கிறது யார்?

1/ ஒவ்வொரு ஜூன் மாசமும் கேட்கிற புலம்பல்: "ஸ்கூல் முன்னாடி ஒரே டிராபிக், போலீஸ் என்னதான் பண்றாங்க?" இதைக் கேட்கிறவர் பெரும்பாலும் கேட்டுக்கு நேர் எதிரே, ரெண்டாவது வரிசையில காரை நிறுத்திட்டுத்தான் கேட்கிறார். நீண்ட பதிவு. சிலருக்குக் கோபம் வரும். வந்தாலும் படிச்சு முடிச்சிடுங்க.

2/ இந்த நெரிசலை நாம வெறும் தொந்தரவாத்தான் பார்க்கிறோம். ஒரு டாக்டரா எனக்கு அது வேற மாதிரி தெரியுது. நூத்துக்கணக்கான பிள்ளைங்க இருக்கிற கட்டடத்தோட வாசல் தினமும் ரெண்டு வேளை முழுசா அடைபடுது. அந்த நேரம் பார்த்து உள்ளே ஒரு குழந்தைக்கு வலிப்பு வந்தா? மாடிப்படியில உருண்டா? லேப்ல தீப்பிடிச்சா? 108 எந்த வழியா வரும்? தீயணைப்பு வண்டி எங்கே திரும்பும்?

3/ "அஞ்சு நிமிஷம்தானே சார்"னு சொல்வீங்க. அந்த அஞ்சு நிமிஷத்தோட மதிப்பைச் சொல்றேன். இதயம் நின்னுபோனா 4 முதல் 6 நிமிஷத்துல மூளை பாதிக்கப்பட ஆரம்பிக்கும். குழந்தை உடம்புல ரத்தம் கிலோவுக்குச் சுமார் 80 மி.லி.தான். 20 கிலோ பிள்ளைக்கு மொத்தமே 1.6 லிட்டர். அரை லிட்டர் போனா கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு காலி. இன்னொரு விஷயம்: ரத்தம் போய்க்கிட்டிருந்தாலும் குழந்தையோட ரத்த அழுத்தம் ரொம்ப நேரம் தாக்குப்பிடிக்கும், அப்புறம் சட்டுனு சரிஞ்சிடும். "நல்லாத்தானே பேசிட்டிருந்தான்"னு கேஷுவாலிட்டியில பெத்தவங்க கதறுறதுக்குக் காரணம் இதுதான்.

4/ வழி அடைபட்டா என்ன ஆகும்னு தமிழ்நாட்டுக்கு யாரும் புதுசா சொல்லித் தர வேண்டியதில்லை. 2004 ஜூலை 16, கும்பகோணம். கீற்றுக் கூரையில தீ. குறுகலான வழியில வெளியே வர முடியாம 94 பிள்ளைங்களைப் பறிகொடுத்தோம். அதுக்கப்புறம் பள்ளிகள்ல கீற்றுக் கொட்டகையை எடுத்தோம், சரி. வாசலும் வழியும் எப்பவும் திறந்திருக்கணும்கிற பாடத்தை மட்டும் அங்கேயே விட்டுட்டு வந்துட்டோம்.

5/ நம்ம ஊர் வழக்கமே இதுதான். ஒரு பிள்ளை செத்தா ஒரு விதி வரும். 2012 ஜூலையில சேலையூர்ல, பள்ளிப் பேருந்தோட தரையில இருந்த ஓட்டை வழியா ரெண்டாம் வகுப்புச் சிறுமி விழுந்து இறந்தாள். உயர் நீதிமன்றம் தானா முன்வந்து விசாரிச்சுது. அந்த வருஷமே பள்ளிப் பேருந்துகளுக்குச் சிறப்பு விதிகள் வந்துச்சு. 2025 ஜூன்ல பெரம்பூர்ல, அம்மாவோட வண்டியில பள்ளிக்குப் போன சிறுமி தண்ணி லாரி மோதி இறந்தாள். கனரக வண்டிகளுக்கு நேரத் தடை அதுக்கு முன்னாடியே இருந்துச்சு. கெடுபிடி மட்டும் சாவுக்கு அப்புறம்தான் வந்துச்சு.

6/ இப்போ வேகம். வண்டி ஓட்டுறவர் கண்ணால பார்த்து பிரேக்கை மிதிக்கச் சுமார் ஒரு நொடி ஆகும். 30 கி.மீ. வேகத்துல அந்த நொடியில வண்டி 8 மீட்டர் ஓடும். 60-ல கிட்டத்தட்ட 17 மீட்டர். 15 மீட்டர் முன்னால ஒரு பிள்ளை பந்தைத் துரத்திக்கிட்டு ரோட்டுக்கு வருதுன்னு வெச்சுக்கோங்க. 30-ல வந்தா, பிரேக்கும் ரோடும் நல்லா இருந்தா, முட்டாம நின்னுடலாம். 60-ல வந்தா நீங்க பிரேக்கைத் தொடறதுக்குள்ள மோதியாச்சு. மோதலோட சக்தியும் ரெண்டு மடங்கு இல்ல, நாலு மடங்கு. பெரியவங்களுக்குக் காலில் படுற அடி, குழந்தைக்கு நெஞ்சிலும் தலையிலும் படும். உயரம் அவ்வளவுதானே.

7/ சென்னையில குடியிருப்புத் தெருக்கள்ல எல்லா வண்டிக்கும் 30 கி.மீ.தான் வரம்புன்னு 2023 நவம்பர்லயே போக்குவரத்து போலீஸ் அறிவிச்சாச்சு. பல பள்ளிகள் இருக்கிறது அந்த மாதிரித் தெருக்கள்லதான். கடைசியா எப்போ ஸ்பீடாமீட்டரைப் பார்த்தீங்க?

8/ ஹெல்மெட். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 129: 4 வயசுக்கு மேல யார் டூவீலர்ல உட்கார்ந்தாலும் ஹெல்மெட் கட்டாயம். 9 மாசம் முதல் 4 வயசு வரைக்கும் குழந்தைக்கான ஹெல்மெட், ஓட்டுறவரோட சேர்த்துக் கட்டுற பெல்ட், வேகம் 40-க்கு மேல கூடாது. ஆனா ரோட்ல என்ன பார்க்கிறோம்? அப்பா தலையில ஹெல்மெட், முன்னால நிக்கிற பிள்ளை தலையில ரிப்பன். போலீஸுக்குப் பயந்து போட்ட ஹெல்மெட் அது. பிள்ளைக்குப் பயந்திருந்தா ரெண்டு வாங்கியிருப்பார்.

9/ பத்தாவது படிக்கிற பையன் கையில ஸ்கூட்டர் சாவியைக் கொடுக்கிற பெற்றோருக்கு: பிரிவு 199ஏ. அவன் ஓட்டி விபத்து நடந்தா குற்றவாளி நீங்க. 3 வருஷம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டிப் பதிவு ஒரு வருஷத்துக்கு ரத்து. பையனுக்கு 25 வயசு வரை லைசென்ஸ் கிடையாது. "டியூஷனுக்குத்தான் எடுத்துட்டுப் போறான்"கிறது சட்டத்துக்கும் தெரியாது, மண்டையோட்டுக்கும் தெரியாது.

10/ "வேன் ஃபீஸ் கட்ட முடியல டாக்டர், அதான் நாங்களே கொண்டுவிடறோம்." நியாயம். கொண்டுவிடாதீங்கன்னு நான் சொல்லல. 200 மீட்டர் தள்ளி நிறுத்திட்டு, கையைப் பிடிச்சு நடந்து கூட்டிட்டுப் போங்கன்னுதான் சொல்றேன். கேட்டுல இறக்கினாத்தான் பாதுகாப்புன்னு எல்லாரும் நினைக்கிறதாலதான் அந்த இடம் ஆபத்தாகுது. ஆம்புலன்ஸுக்கு வழி விடலைன்னா பிரிவு 194இ-ன்படி 10,000 ரூபாய் அபராதம். ஆளில்லாத காரை ரோட்ல பூட்டிட்டுப் போனவர் எப்படி வழி விடுவார்?

11/ பள்ளி நிர்வாகங்களே, "கேட்டுக்கு வெளியே எங்க பொறுப்பு இல்ல"ன்னு சொல்றதை நிறுத்துங்க. சின்ன வகுப்புக்கும் பெரிய வகுப்புக்கும் மணியை 15 நிமிஷம் மாத்தி அடிக்கச் செலவு ஒண்ணுமில்ல. கேட்டுக்கு முன்னால ஒரு வண்டி வர்ற அளவு இடத்தை எப்பவும் காலியா வைங்க. எல்லாரையும் வெளியேத்திப் பார்க்கிற ஒத்திகையை நடத்துங்க, போட்டோவுக்காக மட்டும் வேணாம். முதலுதவி தெரிஞ்ச ஆசிரியர் ஒவ்வொரு மாடியிலும் இருக்கணும்.

12/ மாநகராட்சிக்கும் போலீஸுக்கும்: அழிஞ்சுபோன ஜீப்ரா கோட்டைத் திரும்பப் போடுங்க. நடைபாதையைப் பிள்ளைங்களுக்குக் கொடுங்க. தடை நேரத்துல உள்ளே வர்ற லாரியை அன்னிக்கே நிறுத்துங்க. அஞ்சலி செலுத்தின மறுநாள் வேணாம்.

13/ விபத்து கண்ணெதிரே நடந்தா: முதல்ல 108. ரத்தம் கொட்டினா சுத்தமான துணியை வெச்சு அழுத்திப் பிடிங்க, அடிக்கடி எடுத்துப் பார்க்காதீங்க. மயக்கத்துல இருக்கிற பிள்ளை வாயில தண்ணி ஊத்தாதீங்க, மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும். கழுத்தை மடக்கி, அள்ளி ஆட்டோவுல போடாதீங்க. மூச்சே இல்லைன்னா 108-ல பேசுறவர் சொல்றபடி நெஞ்சை அழுத்துங்க.

14/ உதவினா கேஸ்ல மாட்டிப்போம்னு பயம் வேணாம். பிரிவு 134ஏ உங்களைப் பாதுகாக்குது. பெயர் சொல்லக்கூட யாரும் கட்டாயப்படுத்த முடியாது. 2021 டிசம்பர்ல தொடங்கின 'இன்னுயிர் காப்போம்' திட்டத்துல, பட்டியல்ல இருக்கிற தனியார் ஆஸ்பத்திரியிலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசு பணம் கட்டும்.

15/ சட்டம் இருக்கு, திட்டம் இருக்கு, 108 இருக்கு. அது உள்ளே வர வழிதான் இல்ல. அந்த வழியை அடைச்சு நிக்கிறது எதிரி இல்ல, நாமதான். நாளைக்குக் காலையில பத்து நிமிஷம் முன்னாடி கிளம்புங்க. தள்ளி நிறுத்துங்க. நடந்து போங்க. உங்க பள்ளி வாட்ஸ்அப் குரூப்ல இதைப் போடுங்க. திட்டு விழுந்தா என் பேரைச் சொல்லுங்க.